ஜப்பான்லயும் 'போயிட்டு வரேன்'தான்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஜப்பான் அனிமேஷன் படங்களைக் குடும்பத்தோட உக்காந்து பாக்கறதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு கடலூர்ல இருந்தும் நம்ம பாண்டில இருந்தும் கடிதம், வாட்ஸ்அப்புன்னு குவிஞ்சிடுச்சு. எல்லாரும் சுத்திச் சுத்திக் கேட்டது ஒண்ணுதான், எந்த மொழில பாக்கறது, டப்பிங் நல்லதா கெட்டதா. நான் 11 வருஷம் வடபழனில டப்பிங் ஸ்கிரிப்ட் எழுதிட்டு இப்ப முத்தியால்பேட்டைல வந்து உக்காந்தவ, இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது, அதனால சில பதில் நீளமாத்தான் இருக்கும்.

என் பொண்ணுக்கு 6 வயசு. டொட்டோரோ படத்தை இங்கிலீஷ்ல போட்டா பாதி புரியல, ஜப்பான் மொழில போட்டா கீழ ஓடற எழுத்தைப் படிக்கறதுக்குள்ள போயிடுது. எங்க வீட்டு டிவில தமிழ்னு எதுவும் காட்டல. என்ன பண்றது?
*ஒரு அம்மா, மஞ்சக்குப்பம், கடலூர்*

ஜப்பான் குரலோட போடுங்கம்மா, சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணிட்டு நீங்க பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லுங்க. சும்மா வாய்வார்த்தையா சொல்லல, நானே பண்ணிப் பாத்தது. திருப்பாப்புலியூர்ல என் தங்கச்சி வீட்ல போன தீபாவளி லீவுக்கு இதே படத்தைப் போட்டோம், தங்கச்சி பொண்ணுங்க ரெண்டு, எங்கம்மா, நான். அந்தப் படத்துல சின்னவ மெய் எப்பப் பாத்தாலும் பெரியவ பின்னாடியே ஓடுவா, ஒரிஜினல்ல அவ கூப்பிடறது 'ஒனேச்சான்'னு, அப்படின்னா அக்கா, அவ்வளவுதான். இங்கிலீஷ் டப்பிங்ல அந்த அக்கா காணாமப் போயிடுச்சு, சாட்சுகின்னு பேர் சொல்லிக் கூப்பிடுவா, ஏன்னா இங்கிலீஷ்காரங்க வீட்ல அக்காவ பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க, அவங்களுக்கு அது இயல்பு. நான் 'அக்கா! அக்கா!'ன்னு சொன்னதும் என் மடில உக்காந்திருந்த சின்னது திரையைப் பாக்காம திரும்பித் தன்னோட அக்காவப் பாத்துச்சு. அந்த ஒரு திருப்பத்துக்காகவே எத்தனை படம் வேணும்னாலும் நான் வாய்ல டப்பிங் பண்ணுவேன்.

அதே படத்துல பழைய வீட்டுக்குள்ள கறுப்பா பொசுபொசுன்னு குட்டிக்குட்டியா ஓடுமே, அதுக்கு ஜப்பான்ல மக்குரோ குரோசுகேன்னு பேரு, முழுக்கறுப்பு கறுப்பன்ங்கற மாதிரி குழந்தைங்க பாடற பேரு. 1993ல வந்த இங்கிலீஷ் டப்பிங்ல அதை டஸ்ட் பன்னின்னு ஆக்கினாங்க, அங்க கட்டிலுக்கு அடியில சுருண்டு கிடக்கற தூசிக்கு அப்படித்தான் சொல்லுவாங்க. நான் தமிழ்ல என்ன சொல்றதுன்னு ஒரு செகண்ட் தடுமாறினேன், அதுக்குள்ள எங்கம்மா, 74 வயசு, "இது கரிதான்டி, விறகடுப்பு வச்ச வீட்ல விட்டத்துல தொங்குமே, கரிப்பயலுவ"ன்னுட்டாங்க. அன்னைல இருந்து அந்த வீட்ல அதுக்கு கரிப்பயலுவன்னுதான் பேரு. இவ்ளோ வருஷம் ஸ்கிரிப்ட் எழுதின எனக்கு வராத வார்த்தை.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க, பேசாத படம் ஓடின காலத்துல ஜப்பான் தியேட்டர்ல திரைக்குப் பக்கத்துல பென்ஷின்னு ஒருத்தர் நிப்பார், எல்லா பாத்திரத்துக்கும் அவரே குரல் கொடுத்து கதையும் சொல்லுவார், அவர் பேச்சைக் கேக்கவே கூட்டம் வரும். நம்ம ஊர்லயும் அப்ப திரைல வர்ற எழுத்தைச் சத்தமா படிச்சுச் சொல்ல ஆள் இருந்தாங்க. நீங்க அந்த வேலையைத்தான் செய்யப் போறீங்க. முன்னாடியே ஒருதடவ தனியா பாத்து வச்சுக்கங்க, ஒவ்வொரு வரியும் சொல்லணும்னு இல்ல, பஸ் ஸ்டாப் மழை சீன் மாதிரி யாரும் பேசாத இடத்துல நீங்களும் பேசாம இருங்க, அது ரொம்ப முக்கியம்.

ஹாஸ்டல்ல பெரிய சண்டை. டப்பிங்ல பாக்கறவன் படமே பாக்கலன்னு ஒரு கோஷ்டி சொல்லுது. அவங்க சொல்றது சரியா?
*மாணவர், காலாப்பட்டு*

பாதி சரி தம்பி. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஜப்பான் குரலே பெரும்பாலும் டப்பிங் மாதிரிதான், படம் வரைஞ்சு முடிச்சு, இல்ல பாதி வரைஞ்ச நிலையிலயே ஓட விட்டு, அதைப் பாத்துத்தான் நடிகர்கள் பேசுவாங்க, அதுக்கு அஃப்ரெகோன்னு பேரு. வாயும் நாம பேசற மாதிரி அசையாது, மூடினது, பாதி திறந்தது, முழுசா திறந்ததுன்னு சில வடிவம்தான். அதனால தமிழ்ல எழுதும்போது லிப் சிங்க்குக்கு நாங்க எழுத்து எழுத்தா சாகணும்னு அவசியம் கிடையாது, வாய் எப்ப திறக்குது எப்ப மூடுதுங்கற கணக்கு சரியா இருக்கணும், குளோசப்ல உதடு ஒட்டற இடத்துல ஒரு 'ப'வோ 'ம'வோ விழுந்தா போதும். அதனால 'டப்பிங்னாலே போலி'ங்கற பேச்சை நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா குரலை யாரு தேர்ந்தெடுத்தாங்க, எந்த மனசோடங்கறதுல வித்தியாசம் இருக்கு. டொட்டோரோ எடுத்த டைரக்டர் மியாசாகியோட 2004 படம், நடக்கும் கோட்டை இருக்குமே, அதுல சோஃபின்னு 18 வயசுப் பொண்ணு சாபத்தால 90 வயசுக் கிழவி ஆயிடுவா. ஜப்பான்ல சியேகோ பைஷோன்னு ஒரே நடிகைதான் ரெண்டு வயசுக்கும் பேசினாங்க. இங்கிலீஷ்ல சின்ன வயசுக்கு எமிலி மார்ட்டிமர், வயசானதுக்கு ஜீன் சிம்மன்ஸ். ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசியிருக்காங்க, ஆனா படம் நடுவுல அவ முகம் கொஞ்சம் இளசாகும் கொஞ்சம் கிழடாகும், தூங்கும்போது பொண்ணாயிடுவா, ஒரே குரலா இருந்தா அது அலை மாதிரி போயிட்டு போயிட்டு வரும், ரெண்டு குரல்னா ஒரு கோடு கிழிச்ச மாதிரி ஆயிடுது.

உண்மையான சேதாரம் வெட்டும்போதும் நிரப்பும்போதும்தான் வருது. 1984ல வந்த நௌசிகா படத்தை அமெரிக்காவுல 1985ல வேற பேர் வச்சு, கிட்டத்தட்ட 22 நிமிஷம் வெட்டி, நாயகி பேரையே சாண்ட்ரான்னு மாத்தி ஒரு சண்டைப் படமா விட்டாங்க. காடு ஏன் விஷமாச்சு, அந்தப் பூச்சிங்க என்ன காவல் காக்குதுங்கறதுதான் அந்தக் கதையோட உயிரு, அதுலயே கத்தி வச்சாங்க. அந்தக் காயத்துக்கப்பறம்தான் மியாசாகியோட ஜிப்லி ஸ்டுடியோ ஒரு ஃப்ரேம் கூட வெட்டக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல உறுதியா நின்னுச்சு. இளவரசி மோனோனோக்கே படத்தை 1990கள் கடைசில அமெரிக்கால வெளியிட எடுத்த கம்பெனித் தலைவருக்கு தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி ஒரு ஜப்பான் வாளை அனுப்பி 'வெட்டு கூடாது'ன்னு சொன்ன கதை உங்க ஹாஸ்டல்ல எல்லாருக்குமே தெரிஞ்சிருக்கும்.

நிரப்பறதுக்கு உதாரணம் சூனியக்காரச் சிறுமி கிகி. 1998 இங்கிலீஷ் டப்பிங்ல அவளோட கறுப்புப் பூனைக்கு ஒரிஜினல்ல இல்லாத வசனம் நெறைய. அதுகூடப் பரவால்ல. ஒரிஜினல்ல அவ ஒரு கட்டத்துல பூனை பேசறது புரியாமப் போயிடும், கடைசி வரைக்கும் அது திரும்பாது, அவ வளந்துட்டாங்கறது அங்கதான் இருக்கு. டப்பிங்ல கடைசில பூனை மறுபடி பேசற மாதிரி ஒரு வரி போட்டுட்டாங்க. ஒரே வரி, படத்தோட வயசே மாறிடுச்சு. 2010ல மறுபடி டிவிடி போட்டப்ப இப்படிச் சேத்ததுல நெறையத்தை எடுத்துட்டாங்க. உங்க கோஷ்டிக்கு இதையும் சொல்லுங்க, சப்டைட்டில்னா சுத்தம்னு கிடையாது, சில வெளியீட்டுல டப்பிங் வசனத்தையே அப்படியே கீழ எழுத்தா ஓட்டிடுவாங்க, ஜப்பான் குரல் ஒண்ணு சொல்லும் எழுத்து வேற சொல்லும், யாரும் வாயே திறக்காத இடத்துல எழுத்து வந்தா அதுதான்னு பிடிச்சிடலாம்.

நான் பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவன். பாரிஸ்ல இருந்து வர்ற பேரன் இந்தப் படங்களை பிரெஞ்சுல பார்க்கிறான். அதுல த்யு, வூன்னு நம்ம நீ, நீங்க மாதிரி ரெண்டும் வருது, இங்கிலீஷ்ல எல்லாருக்கும் யூதான். ஜப்பான் மொழியில எப்படி?
*வாசகர், புதுச்சேரி*

ஐயா, இந்தக் கேள்விய நீங்கதான் கேக்க முடியும், வீட்டுக்குள்ளயே தமிழும் பிரெஞ்சும் பேசற ஊர்க்காரர். ஜப்பான்ல அது இன்னும் ஆழம். பேருக்குப் பின்னாடி சான், சாமா, குன், ச்சான்னு ஒட்டறது மட்டும் இல்ல, வினைச்சொல் முடியற விதமே எதிர்ல இருக்கறவருக்கு ஏத்த மாதிரி மாறும். நம்ம 'வா, வாங்க, வாடா, வாம்மா' மாதிரின்னு வச்சுக்கங்க. இங்கிலீஷ் டப்பிங் இதையெல்லாம் குரல்லதான் காட்டியாகணும், மொழில இடமே இல்ல. பிரெஞ்சுக்கு ரெண்டு படி இருக்கு. தமிழுக்கு எத்தனை படின்னு எண்ணி முடியாது.

சிஹிரோங்கற பொண்ணு சாமிங்க குளிக்க வர்ற குளியல் மாளிகைல வேலைக்குப் போற படம், இங்கிலீஷ்ல ஸ்பிரிட்டட் அவேன்னு பேரு, 2001ல வந்து 2003ல ஆஸ்கார் வாங்கினது, அதை எடுத்துக்கங்க. அவ உள்ள போனதும் லின்னுன்னு ஒரு அக்கா திட்டுவா, சரிங்கன்னு ஒரு வார்த்தை, 'ஓசெவா நி நாரிமாஸ்'னு ஒரு வார்த்தை சொல்ல வராதான்னு. இனிமே உங்க தயவுலதான் இருக்கப் போறேன், பாத்துக்கங்கன்னு அதுக்கு அர்த்தம். இங்கிலீஷ்ல அது வெறும் தேங்க்யூ ஆயிடுச்சு. நம்ம ஊர்ல புதுசா ஒரு கடைல வேலைக்குச் சேர்ற பையன் முதல் நாள் முதலாளிகிட்டயும் பெரியவங்ககிட்டயும் "நீங்கதான்ணே பாத்துக்கணும்"னு சொல்லுவான் பாருங்க, அதேதான், அச்சு அசல் அதேதான். படம் முழுக்க அந்தப் பொண்ணு மரியாதையா பேசக் கத்துக்கறா, அது மூலமாத்தான் அவ வளர்றது தெரியும். ஆரம்பத்துல வெடுக்குன்னு பேசி, கடைசில 'ங்க' போட்டுப் பேசினா தமிழ்க் குழந்தைக்கு சொல்லாமலே புரியும்.

இன்னொரு படத்துல, யுவர் நேம்னு 2016ல வந்தது, மகோடோ ஷின்காய் எடுத்தது, கிராமத்துப் பொண்ணும் டோக்கியோ பையனும் தூங்கி எந்திரிச்சா உடம்பு மாறியிருக்கும். பையன் உடம்புல இருக்கற பொண்ணு நண்பர்கள்கிட்ட 'நான்'னு சொல்ல வாயெடுப்பா, வதாஷின்னு சொல்லுவா, முழிப்பாங்க, வதாகுஷின்னு சொல்லுவா, இன்னும் முழிப்பாங்க, போகுன்னு சொல்லுவா, அதுக்கும் முழிப்பாங்க, கடைசில ஓரேன்னதும்தான் ஆங்னு தலையாட்டுவாங்க. நாலுமே நான்தான், ஆம்பள பொம்பள, பணிவு தெனாவட்டு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளயே இருக்கு. தமிழ்ல நானுக்கு நான்தான். ஆனா நான் எழுதியிருந்தா நானைத் தொட்டிருக்கவே மாட்டேன், வாலை மாத்தியிருப்பேன். 'வழி தெரியாமப் போயிட்டேங்க', முழிப்பு. 'போயிட்டேன்ப்பா', முழிப்பு. 'போயிட்டேன் மச்சி', ஆங். சிரிப்பும் வரும், விஷயமும் நிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணைச் சொல்லிடறேன் ஐயா. ஜப்பான்ல வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'இத்தேகிமாஸ்'னு சொல்லாம யாரும் படி தாண்ட மாட்டாங்க. அதைப் பிரிச்சா போயிட்டு வரேன். போறேன்னு சொல்லக்கூடாதுங்கற நம்ம வீட்டுப் பழக்கம் அப்படியே அங்க இருக்கு, உள்ள இருக்கறவங்க 'போயிட்டு வா'ன்னு பதில் சொல்றதும் இருக்கு. இங்கிலீஷ் டப்பிங்ல இது பையா, சீ யூவா, ஐம் ஆஃபா, சீனுக்கு ஏத்த மாதிரி கரைஞ்சிடும். சின்சான் பாக்கற வாண்டுங்களுக்குத் தெரியும், அவன் ஒரிஜினல்ல வீட்டுக்குள்ள நுழையும்போது 'வந்துட்டேன்'னு சொல்லாம உள்ள இருக்கறவங்க சொல்ல வேண்டிய 'வந்துட்டியா'வைத் தானே சொல்லிட்டு அம்மாகிட்ட திட்டு வாங்குவான். தமிழ்ல கொஞ்சம்கூட மாத்தாம வைக்கக்கூடிய ஜோக்கு.

தமிழ் டப்பிங்கை ஜப்பான் மொழில இருந்து நேரா பண்ணாம ஏன் இங்கிலீஷ்ல இருந்து பண்றாங்க?
*ஆசிரியை, வில்லியனூர்*

காசும் நேரமும்தான் டீச்சர். எங்க கைக்கு வர்றது இங்கிலீஷ் வசனப் பேப்பரும், பேச்சு இல்லாம இசையும் சத்தமும் மட்டும் இருக்கற ட்ராக்கும், ரெஃபரன்சுக்கு இங்கிலீஷ் குரல் ஓடற வீடியோவும்தான். ஜப்பான் குரலோட வீடியோ கேட்டு நான் ஒரு கம்பெனிகிட்ட ரெண்டு வாரம் கெஞ்சியிருக்கேன், கடைசி வரைக்கும் வரல. ஆகக்கூடி, தமிழும் ஜப்பானும் வாக்கியம் முடியற இடத்துலதான் வினைச்சொல்ல வைக்கற மொழிங்க, ரெண்டுலயும் அக்கா தங்கைக்குத் தனித்தனி வார்த்தை, அண்ணன் தம்பிக்குத் தனித்தனி வார்த்தை, பேசிக்க எவ்ளோ வசதி, ஆனா நடுவுல இங்கிலீஷ் வழியா சுத்திட்டு வர்றதால அக்கா சிஸ்டராகி, சிஸ்டர் திரும்ப 'சகோதரி'யா வந்து உக்காருது. எந்த வீட்ல சகோதரின்னு கூப்பிடறாங்க?

சாப்பாடும் அப்படித்தான். போக்கிமான் சீரியல்ல ஓனிகிரிங்கற சோத்து உருண்டைய அமெரிக்க டப்பிங்ல ஜெல்லி டோனட்னு சொல்ல வச்சாங்க, படத்துல வெள்ளைச் சோறு தெரியுது, வாய் டோனட்னு சொல்லுது. அதை வச்சுத் தமிழ்ப்படுத்தறவங்க என்ன செய்வாங்க, பன்னுன்னு எழுதுவாங்க. அதே சிஹிரோ படத்துல அப்பா அம்மா பன்னியா மாறிட்ட மறுநாள் காலைல அவளுக்கு உதவற பையன் ஹக்கு அவளுக்கு ஓனிகிரி குடுப்பான், வேலி ஓரமா உக்காந்து ஒரு கடி கடிப்பா, ரெண்டாவது கடி, அப்பறம் பெரிசு பெரிசா கண்ணீர் உருண்டு விழும், வாய் மட்டும் மென்னுக்கிட்டே இருக்கும். ரைஸ் பால்னு சொன்னா அது ஒரு பண்டம். நம்ம ஆயா பழைய சோத்தை மொளகா தொட்டு உருட்டி உருட்டி உள்ளங்கைல வைக்குமே, அந்த 'சோத்து உருண்டை'ன்னு சொல்லிப் பாருங்க, அந்த அழுகைக்குக் காரணமே கேக்க மாட்டாங்க பசங்க. படத்தோட பேரைக்கூடப் பாருங்க, ஜப்பான்ல அதுல காமிகாகுஷின்னு ஒரு சொல்லு இருக்கு, புள்ளை திடீர்னு காணாமப் போனா சாமி மறைச்சு வச்சிடுச்சுன்னு அங்க ஊர்ல சொல்லுவாங்க. பிரெஞ்சுல அது சிஹிரோவோட பயணம்னு ஆயிடுச்சு. நமக்கு 'சாமி மறைச்ச புள்ள'ன்னு ஒரு பேர் தயாரா இருக்கு.

ஆளு இல்லாமலும் இல்ல டீச்சர். சென்னைல ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய் மாதிரி இடங்கள்ல எத்தனையோ பேர் ஜப்பான் மொழி படிச்சு ஒரகடம் பக்கம் கம்பெனிங்கள்ல மொழிபெயர்ப்பாளரா இருக்காங்க. மெஷின் மேனுவல் மொழிபெயர்க்கற அந்தப் பசங்கள்ல ஒருத்தரையாவது டப்பிங் ஸ்கிரிப்ட் டேபிள்ல பக்கத்துல உக்கார வச்சா போதும், ஒரு படத்துக்கு ரெண்டு நாள் வேலை, தெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா தயவுசெஞ்சு முயற்சி பண்ணுங்க.

இந்த மாதிரிப் படம் தமிழ்ல தியேட்டருக்கு வந்திருக்கா?
*வாசகர், நெல்லிக்குப்பம்*

வந்திருக்கு. யுகோ சாகோ, ராம் மோகன், கோயிச்சி சசாகி சேந்து பண்ணின ஜப்பான் இந்தியா ராமாயணம், 1990கள் ஆரம்பத்துல எடுத்தது, 2025 ஜனவரி 24ல தமிழ் உட்பட பல மொழில தியேட்டருக்கு வந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் படமும் தமிழ்ல ஓடுச்சு, ஆனா அது ரத்தம் நெறைய, சின்னப் புள்ளைங்களுக்கு வேணாம்.

டப்பிங்ல வடிவேலு டயலாக், பஞ்ச் எல்லாம் சேக்கறாங்களே, எங்க வீட்ல பசங்க அதுக்குத்தான் சிரிக்கறாங்க. அது தப்பா?
*வாசகி, பண்ருட்டி*

காமெடி சீரியலுக்கு தப்பே இல்லம்மா, நானே எழுதியிருக்கேன், 2007ல சுட்டி டிவி வந்தப்பறம் தமிழ் கார்ட்டூன் பேசின பேச்சைக் கேட்டு வளந்த பசங்க இன்னைக்கும் அந்த வசனத்தை ஒப்பிக்கறாங்க, அது ஒரு தனிச் சாதனை. நான் பயப்படறது அமைதியான படங்களுக்கு. மியாசாகி 2002ல அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்கிட்ட பேசும்போது கையை மூணு நாலு தடவ தட்டிக் காட்டி, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கற நேரம்தான் 'மா'ன்னு சொன்னார். நமக்கு இதை விளக்கவே வேணாம், ஆதி தாளம் போடத் தெரிஞ்ச எந்தப் புள்ளைக்கும் தட்டுக்கு அடுத்து வீச்சு இருக்குன்னு தெரியும், வீச்சுல சத்தம் வராது, ஆனா அதை விட்டா தாளம் செத்துடும். இந்தப் படங்கள்ல ஒரு பொண்ணு சும்மா உக்காந்து தண்ணியைப் பாக்கும், ரயில் கடல் மேல போகும், யாரும் பேச மாட்டாங்க. 1986ல வந்த வானக்கோட்டை படத்துக்கு அமெரிக்க டப்பிங் பண்ணும்போது அங்க அமைதி அதிகமா இருக்குன்னு அதோட இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷியையே வச்சு இசையைக் கூட்டி மறுபடி போட வச்சாங்க. எனக்கும் ஒருதடவ நடந்துச்சு, ஒரு சீரியல்ல தாத்தா செத்தப்பறம் பையன் 12 செகண்ட் பேசாம நிப்பான், சேனல்ல இருந்து போன் பண்ணி "மேடம் கேப் இருக்கு, ஏதாவது மனசுக்குள்ள பேசற மாதிரி போடுங்க"ன்னாங்க. போட்டேன். இன்னைக்கும் அந்த வரிய நினைச்சா கை கூசுது, அந்தப் பையனோட அமைதிய எடுத்தது நான்தான்.

சிஹிரோ பேரைக் கெழவி ஏன் சென்னுன்னு மாத்துச்சு? எனக்குப் புரியவே இல்ல.
*5ஆம் வகுப்பு மாணவன், தேவனாம்பட்டினம்*

கண்ணு, நல்ல கேள்வி, இதை இங்கிலீஷ் டப்பிங்லயும் சரியா சொல்ல முடியல. ஜப்பான்ல ஒரே எழுத்தை ரெண்டு மூணு விதமா படிப்பாங்க. எப்படின்னா நீ நோட்ல 1000ன்னு எழுது, நீ ஆயிரம்னு படிப்ப, ஹிந்திக்காரப் பையன் ஹசார்னு படிப்பான், எழுத்து ஒண்ணு, சத்தம் வேற. அந்தப் பொண்ணு ஒப்பந்தத்துல எழுதற முழுப்பேர்ல நாலு எழுத்து இருக்கு, அந்தக் கெழவி யுபாபா மூணைக் கையால அள்ளி எடுத்துடுவா, மிச்சம் இருக்கற ஒரு எழுத்துக்கு அர்த்தமே ஆயிரம்தான். பேருக்குள்ள இருக்கும்போது அது 'சி', தனியா நின்னா 'சென்'.

எடுத்துக்கிட்ட எழுத்துல ஒண்ணு 'ஹிரோ'. அது ஒரு அளவு, ரெண்டு கையையும் விரிச்சா இந்த விரல் நுனில இருந்து அந்த விரல் நுனி வரைக்கும். உங்க ஊர்ல கயித்தை இறக்கி கடல் ஆழம் பாத்துட்டு இத்தனை பாகம்னு சொல்லுவாங்களே, அதே பாகம்தான். அப்ப அவ முழுப்பேரு என்ன, ஆயிரம் பாகம். அவ்ளோ ஆழம். கெழவி ஆழத்தை எடுத்துட்டு வெறும் நம்பரை விட்டுட்டா. இன்னைக்கு சாயங்காலம் கரைல போய் யாராவது பெரியவங்களை ஒரு பாகம் கைய விரிச்சுக் காட்டச் சொல்லு, அதை மாதிரி ஆயிரம் எவ்ளோ தூரம் போகும்னு அவங்களையே கேளு.